லண்டன் போய்வந்த கண்

ஐரோப்பா போய்வரும் நம் எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். தேம்ஸ் கரையில் டேட் மாடர்ன். ரோத்கோவின் கருஞ்சிவப்பின் முன் வாயடைத்து நின்றது. கடைசியில் 'தமிழனுக்குக் கண் கிடையாது' என்ற தீர்ப்பு. திண்டுக்கல் நண்பர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது: 'நமக்குத் தாடிக்கொம்பு இருக்கிறது, லண்டன் எதற்கு?'

இரண்டும் ஒரே சோம்பேறித்தனம். முன்னவர் கட்டுரையில் கட்டிடம் இருக்கிறது: மின்நிலையமாயிருந்து 2000-இல் கலைக்கூடமானது. இலவச அனுமதி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம் கிடையாது. பின்னவரோ, அகோர வீரபத்திரர் தூணில் கல்லுக்கு அந்த வேகம் எப்படி வந்தது என்று கேட்டால் தலபுராணம் சொல்வார். ஒருவர் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறார். மற்றவர் பட்டாவைக் காட்டுகிறார். படத்தை யாரும் பார்க்கவில்லை.

இடையில் தொலைந்துபோவது நம் காலம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், எழுத்துப்போல் தோன்றும், ஆனால் வாசிக்க முடியாத எழுத்துக்கள். எழுத்து அர்த்தத்தை உதறிவிட்டு வெறும் உருவமாக நிற்கிறது. புதுக்கவிதைக்காரர்கள் சொல்லோடு மல்லாடிய அதே வருஷங்கள்! 1966-இல் சோழமண்டலத்தில் ஓவியர்கள் கைவினைப் பொருள் விற்ற காசில் குடியேறினார்கள். ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கே கோடுகள் தந்தார். நாம் அவற்றை அட்டை அலங்காரமாக வைத்துக்கொண்டோம். ஒரு கவிதைக்குப் பத்துப் பக்கம் சண்டை போட்ட நாம், அந்தக் கோடுகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்?

அந்த லண்டன் கூடத்தில் நானும் ஒரு பகல் இருந்திருக்கிறேன். எனக்குப் பொறாமை தந்தவை படங்களல்ல. தரையில் உட்கார்ந்து, ஒரே படத்தை நோட்டில் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். கண் பிறவியில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது. தமிழனுக்குக் கண் இல்லையென்பது பொய். பழக்குவதற்கு யாரும் மெனக்கெடவில்லையென்பதே உண்மை. அந்த 'யாரும்' என்பதில் முதலில் வருகிறவர்கள் எழுதுகிற நாம்தான்.

மின்நிலையம் கலைக்கூடமாகலாமென்றால் திண்டுக்கல்லில் மூடிக்கிடக்கும் ஒரு தோல் ஷாப்பில் நாலு படம் மாட்டலாம். அதற்குக்கூடப் பணமும் ஆளும் வேண்டும், சரி. ஒரே ஒரு படத்தை ஒரு மணிநேரம் பார்த்து, பிரமிப்பையும் பெருமையையும் கழித்துவிட்டு, கண்டதை ஒரு பக்கம் எழுதுவதற்கு என்ன வேண்டும்? அதைச் செய்யாதவரை லண்டனும் தாடிக்கொம்பும் நமக்கு வெறும் பஸ் நிறுத்தங்கள்.