இசைத்தொகுப்பில் இல்லாத இசை

விடுதி அறைகளில் இரவெல்லாம் ஆய்வேடு தட்டச்சு செய்யும் மாணவர்களின் காதில் ஓடும் சொற்களற்ற இசையில், வீடியோ கேம்களுக்காக எழுதப்பட்டதும் கணிசமாக உண்டு. மைன்கிராஃப்டின் மெல்லிய பியானோவும் ஜர்னியின் செல்லோவும் அந்த ஆட்டங்களைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் பழகிவிட்டன. 'எக்காலத்திலும் சிறந்த கேம் இசைத்தொகுப்புகள்' என்ற பட்டியல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றின்மீது சச்சரவுகளும் தவறாமல் நடக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் மதிப்பிடுவது ஆட்டத்தின் இசையை அன்று. ஆட்டத்திலிருந்து வெட்டியெடுத்து உலர்த்திய மாதிரியை. தாவரவியல் துறையின் அலமாரியில் ஒட்டிவைத்த இலைகளைப் பார்த்துவிட்டுக் காட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒப்பான செயல் இது.

மைன்கிராஃப்டையே எடுத்துக்கொள்ளலாம். சி418 என்ற பெயரில் இயங்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த அந்த இசை, ஆட்டத்தில் தொடர்ந்து ஒலிப்பதில்லை. ஒரு மெட்டு வந்து மறையும். பிறகு பல நிமிடங்கள் மண் வெட்டும் ஓசையும் ஆட்டின் கனைப்பும் மட்டுமே கேட்கும். அடுத்த மெட்டு எப்போது தொடங்கும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. சுரங்கம் தோண்டிவிட்டு மேலே வந்து சூரிய உதயத்தைக் காணும் கணத்தில் அது தற்செயலாகத் தொடங்கிவிட்டால், அந்த உதயத்துக்காகவே எழுதப்பட்டதுபோல் தோன்றும். 2011இல் வெளியான தொகுப்பில் மெட்டுகள் உண்டு. இடைப்பட்ட மௌனம் இல்லை. அந்த இசையமைப்பில் பாதி அந்த மௌனம்தான்.

ஆட்ட இசையின் இந்த இயல்பு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்பது இறங்குவரிசையில் நான்கு தாழ்ந்த சுரங்கள், அவ்வளவே. படையெடுத்து வரும் உருவங்கள் சுடப்பட்டுக் குறையக் குறைய, எஞ்சியவை விரைவாக நகரும். வரைய வேண்டியவை குறைந்ததால் கருவிக்கு வேலை இலகுவானது என்பதே அதன் மூலகாரணம். அதற்கேற்ப நான்கு சுரங்களும் விரைவெடுத்தன. ஆடுபவர் எத்தனை பகைவரை வீழ்த்தினாரோ அத்தனை அவசரத்தை அவரே தமக்கு உண்டாக்கிக்கொண்டார். அந்த நான்கு சுரங்களை எழுதித்தந்தால் எந்த இசை ஆசிரியரும் அரை மதிப்பெண்கூட வழங்கமாட்டார். எழுத்தில் அங்கே ஒன்றுமில்லை. இருப்பதெல்லாம் அது எப்போது எப்படி மாறுகிறது என்பதில்.

திரைப்படத்தின் பின்னணி இசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். திரைப்பட இசையமைப்பாளருக்குக் காட்சி எத்தனை நொடியில் முடிகிறது என்று தெரியும். அடுத்து வருவது மரணமா திருமணமா என்றும் தெரியும். ஆட்டத்துக்கு இசை எழுதுபவருக்கு இரண்டும் தெரியாது. ஒரு கதவின் முன் ஒருவர் இரண்டு நொடி நிற்பார். இன்னொருவர் தேநீர் போட எழுந்து போய்விடுவார். ஆகவே அவர் எழுதவேண்டியது ஒரு பாட்டை மட்டுமன்று, பாட்டும் பாட்டும் சேரும் விதிகளையும். தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழும் என்பதைப் புணரியல் சொல்கிறது; எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரப்போகிறது என்பதைப் பேசுபவரே முடிவு செய்கிறார்.

இந்தப் புணர்ச்சியை ஒரு பொறிமுறையாக்கிக் காட்டியவர்கள் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும். லூக்காஸ்ஆர்ட்ஸில் அவர்கள் வடிவமைத்த ஐமியூஸ் என்ற அமைப்பு 1991இல் மங்கி ஐலண்ட் 2 ஆட்டத்தோடு வெளிவந்தது. அதில் பழங்கப்பல்களைக் கட்டி எழுப்பிய வுட்டிக் என்ற சிற்றூர் உண்டு. நாயகன் தெருவில் நடக்கையில் ஊரின் மெட்டு ஒலிக்கும். ஒரு கப்பலறைக்குள் நுழைந்தால் மெட்டு அறுபடாது. அறைக்குரிய கருவி அதே தாளத்தின்மேல் வந்து பற்றிக்கொள்ளும். வெளியே வந்தால் ஒரு சிறு இணைப்புச் சுரவரிசை மீண்டும் தெருவின் மெட்டுக்குக் கொண்டுசேர்க்கும். அந்த இணைப்புகள்தாம் உடம்படுமெய்கள். வெளியேறக்கூடிய இடங்கள் பல என்பதால் அவற்றைப் பலவாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை ஆடி முடிப்பவர் அவற்றுள் சிலவற்றைக் கேட்காமலே போகலாம், கேட்டவரும் கவனித்திருக்கமாட்டார். கவனிக்கப்படாமல் போவதற்காக இவ்வளவு உழைப்பு! 1998இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் ஆட்டத்தின் வெட்டவெளிக்குக் கோஜி கோண்டோ எழுதிய இசையும், பகை நெருங்கினால் ஒன்றாகவும் நின்றுவிட்டால் வேறொன்றாகவும் மாறும் சிறு துண்டுகளின் கோவையே.

மொழியியல் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நியர். 2010இல் வெளியான அந்த ஆட்டத்தின் பாடல்களுக்குப் பாடகி எமி எவன்ஸ், இன்றுள்ள மொழிகள் ஆயிரமாண்டு கழிந்தால் எப்படி ஒலிக்கக்கூடும் என்று கற்பனை செய்து சொற்களை உண்டாக்கினார். ஒலியன்களின் ஒழுங்கு அதில் உண்டு, அகராதி இல்லை. பிரெஞ்சு போலவோ போர்ச்சுகீசியம் போலவோ தோன்றும் ஒரு வரி, பொருளைப் பிடிக்கப் போகும்போது நழுவிவிடும். மொழி சிதைந்துபோன எதிர்காலத்தில் நிகழும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பாடலைக் கருதுவது கடினம்.

அதன் வழிவந்த நியர்: ஆட்டோமேட்டா (2017) இன்னும் ஒரு படி மேலே போனது. (முடிவை அறிய விரும்பாதவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) அதில் ஆடுபவர் எதிரியின் கணினிக்குள் ஊடுருவும் கணத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பாடல் தாளம் பிறழாமல் பழைய 8-பிட் ஒலியாக மாறிவிடுகிறது. இறுதியில், படைப்பாளிகளின் பெயர்ப்பட்டியலே எதிரியாக வந்து தாக்கும். தனியொருவராய் வெல்வது அநேகமாக இயலாது. திரும்பத் திரும்பத் தோற்ற பிறகு, பிற ஆட்டக்காரர்களின் உதவியை ஏற்கிறீர்களா என்ற கேள்வி எழும். ஏற்றால், அதுவரை ஒற்றைக்குரலில் ஒலித்த பாடலில் ஒரு பெருங்குழு வந்து சேரும். அந்தச் சேர்ந்திசையைத் தொகுப்பில் கேட்பவருக்கு அது ஓர் அழகான உச்சக்கட்டம். ஆட்டத்தில் கேட்பவருக்கோ, தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு வந்த துணை.

எல்லா நல்ல ஆட்ட இசையும் இப்படி விடையளிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கனடாவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் அங்கே குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சமையலறையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது பின்னே பாடல் ஒலிக்கும். ஆண்டுகள் நகர, பாடலின் பாணியும் தமிழ்த் திரையிசையின் காலமாற்றத்தைப் பின்தொடரும். அந்த இசை ஆடுபவரின் கைக்குக் கட்டுப்படுவதில்லை, காலத்துக்குக் கட்டுப்படுகிறது. ஆயினும் புட்டுக் குழலில் எதை முதலில் இடுவது என்று தடுமாறும் கைகள்தாம் அதற்குப் பொருளைத் தருகின்றன. பாடலை மட்டும் தனியே கேட்டால் அது திறமையான ஒரு பாணிப்பகர்ப்பாக நின்றுவிடும்.

ஏற்பும் விருதும் இதுவரை உலர்ந்த மாதிரிக்கே கிடைத்துவந்துள்ளன. 2005இல் வெளியான சிவிலைசேஷன் 4 ஆட்டத்துக்குக் கிறிஸ்டோபர் டின் சுவாகிலி மொழியில் அமைத்த பாபா யேட்டு என்ற பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது; ஆட்டத்தில் இடம்பெற்றபோது அன்று, 2009இல் அவருடைய தனித்தொகுப்பில் மீண்டும் வெளிவந்த பிறகு. ஊடாட்ட இசைக்கெனக் கிராமியில் தனிப்பிரிவு 2023இல்தான் வந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சூப்பர் மாரியோவின் இசையைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2025இல் மைன்கிராஃப்டின் தொகுப்பையும். மகிழத்தக்கதே. ஆனால் ஒலிப்பதிவாகக் காக்கப்படும் மாரியோவில், நேரம் நூறுக்குக் கீழே சரிந்ததும் மெட்டு துரிதமாவதும் அப்போது உள்ளங்கை வியர்ப்பதும் காக்கப்படுமா?

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னும் எழவேயில்லை. திரைப்படங்களுக்குப் புனேயில் 1964 முதல் தேசியக் காப்பகம் இருக்கிறது; ஆட்டங்களுக்கு அதற்கு ஈடான இடம் அமையவில்லை. இசைத்துறை இதை ஊடகத்துறையின் வேலை என்கிறது, ஊடகத்துறை கணினித்துறையின் வேலை என்கிறது. இடையில் தலைப்பைக் கேட்டுப் புன்னகைக்கும் பேராசிரியர்களும் உண்டு. இதை மீறி எழுதத் துணியும் மாணவர்களும் யூடியூபில் கிடைக்கும் தொகுப்பைக் கேட்டு, அதன் சுரக்குறிப்பைப் பகுத்து ஆய்வேட்டை முடித்துவிடுகிறார்கள். பேச்சுமொழியை ஆராய்பவர் களத்துக்குப் போகாமல் அகராதியோடு திரும்பினால் எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார். இங்கே மட்டும் அது ஏற்கப்படுகிறது.

செய்யவேண்டியது பெரிய காரியமும் அன்று. ஒரே ஆட்டத்தின் ஒரே பகுதியைத் தேர்ந்தவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் ஆடட்டும். இரண்டையும் ஒலியோடு பதிவுசெய்து, இசை எங்கே திரும்பியது, எந்தச் செயலுக்குத் திரும்பியது என்று எழுத்துப்பெயர்ப்பதுபோல் குறித்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாம். ஸ்பேஸ் இன்வேடர்ஸிலிருந்தே தொடங்கலாம். புதியவர் சிலரைக்கூட வீழ்த்துமுன் தோற்றுவிடுவார். அவருடைய பதிவில் அந்த நான்கு சுரங்கள் வேகமெடுத்தே இருக்காது.