பின்புலம் என்னும் சௌகரியம்

வளைகுடாவைக் களமாகக் கொண்ட சரித்திர நாவலொன்றுக்கு அண்மையில் பரிசளித்த நடுவர்கள், அடிமை முறை அதில் வாசகனை உறுத்தாத பின்புலமாக அமைந்திருப்பதை விசேஷமாகச் சிலாகித்திருக்கிறார்கள். பேரீச்சந்தோப்பு, ஒட்டக வரிசை, நிலவு ஆகியவற்றோடு அடிமையும் ஓர் அலங்காரம் என்றால், அதனை உறுத்தலின்மை என்பதா, பிரக்ஞையின்மை என்பதா?

கதை நிகழ்வது 1950களில், ஓமன்–அபுதாபி எல்லையிலுள்ள புரைமிப் பாலைச்சோலையில். 1952இல் சவூதிக் குழுவொன்று அங்குள்ள ஹமாஸா கிராமத்தில் வந்தமர்ந்ததும், 1955இல் ஜெனீவா மத்தியஸ்தம் முறிந்து, அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் வெளியேற்றப்பட்டதும் எண்ணெய்க்காகச் சவூதிக்கும் பிரிட்டனுக்கும் இடையே மூண்ட எல்லைத் தகராறின் நிகழ்வுகளே. புரைமி வழியே அடிமைகள் கடத்தப்படுகின்றனர் என்பது பிரிட்டன் எழுப்பிய தார்மிகக் குற்றச்சாட்டு, பொய்யன்று. ஆயினும், 1820ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே அடிமைக் கடத்தலைக் கடற்கொள்ளை என்று எழுதிக் கையொப்பம் வாங்கிய அதே பிரிட்டன், முத்துக்குளிப்பில் அடிமை மூழ்கி ஈட்டிய கூலி எஜமானன் மடியில் விழுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் நாவலாசிரியரோ பிரிட்டிஷ் அதிகாரியின் அறிக்கையையே மனச்சாட்சியின் குரலாக வாங்கிக்கொள்கிறார். வால்டர் ஸ்காட்டின் சரித்திர நாவல்களில் இரு முகாம்களுக்கு இடையே நிற்கும் சாமானிய நாயகனை விமர்சகர் லூக்காச் ஏன் மெச்சினார் என்பதை ஒருகால் விவாதித்தவர்களுக்கு இது வேதனை தரும்; இரு முகாம்களுக்கும் இடையே அகப்பட்ட அடிமைதான் இங்கே வாய் திறப்பதில்லை!

அவனோ உண்மையில் பேசியவன். ஷார்ஜாவிலிருந்த பிரிட்டிஷ் ஏஜென்ஸிக்குத் தப்பி வந்து, எங்கே பிறந்தான், யார் பிடித்தார்கள், எவரெவர் கைமாறினான் என்று வாக்குமூலம் கொடுத்து விடுதலைப் பத்திரம் கோரிய ஆப்பிரிக்கரும் பலூச்சிகளும் அநேகர். அக்கோப்புகள் லண்டனில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்குப் போதுமான கரு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டம் பின்புலமாகவா நிற்கிறது? நாயகி மருதியை விழுங்குவதே அதுவல்லவா?

வளைகுடாவை மட்டும் குறை சொல்வானேன்? மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், பஞ்சம் தாளாமல் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்ட வேளாளன் ஒருவனைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு நமக்கு வைத்திருக்கிறது. சோழர் கப்பல்களையும் குதிரைகளையும் வர்ணித்துத் தீராத நம் சரித்திர நாவல்களில், நாம் படித்த அளவில், அம்மூவரைக் கண்டதில்லை. அவர்களைத் தாண்டிப் புரைமிக்குப் போன ஆசிரியர், கூடவே அடிமையைக் காணாதிருக்கும் அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோயிருக்கிறார். பரிசும் அதற்கே கிடைத்திருக்கிறது.