உயிரிரை ஈதல் அறமாமோ?

சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் திருக்கோயிலில் அமைந்த பொற்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட்டு வணங்க நாடோறும் பல்லோர் நிரல்பட நிற்பர். அவ்வுலோகப் பல்லிகட்கு இரை வேண்டுவதில்லை. அவ்வூரின் வீட்டுச் சுவர்களில் விளக்கொளி நாடிவரும் பூச்சிகளைக் கவ்வி விழுங்கும் உயிர்ப்பல்லியையோ எவரும் பழிப்பதில்லை, பழித்தலும் பேதைமையேயாம். இதனையே துணையாகப் பற்றிக்கொண்டு, கண்ணாடித் தொட்டியிலும் கம்பிக் கூட்டிலும் தாம் அடைத்து வளர்க்கும் உயிர்கட்குப் பிற சிற்றுயிர்களை உயிரோடு பிடித்திடுவார் சிலர், "பல்லி செய்வதை எம் மீன் செய்கின்றது; இயற்கையைத் தடுக்க நாம் யார்?" என வாதிக்கின்றனர். இவ்வாதம் கேட்டற்கு எளிதாய், சைவ நன்மக்களிற் சிலரும் மயங்குதற்கு இடனாய் இருத்தலின், ஈண்டு ஆராயற்பாலதாயிற்று.

சாக்கிய நாயனார் உண்மை நாடிக் காஞ்சி நகர் புக்குப் புத்தர் நெறியில் நின்று, பின்னர், வினையும் அதன் கருத்தாவும் அதன் பயனும் அப்பயனைக் கூட்டுவிக்கும் இறைவனும் என நான்கனையும் உடையது சைவநெறியே எனத் தெளிந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். காஞ்சியிலே தோன்றிய அத்தெளிவே இவ்வாதத்தை அறுக்கும் வாளாம். எங்ஙனமெனின், கொலையென்னும் வினை நிகழ்ந்தது. அதற்குக் கருத்தா யாவன்? சுவர்ப்பல்லிக்கும் விட்டிலுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவரும் இலர். விட்டில் தானே வந்தது. பறந்து தப்பவும் வல்லது. பல்லி பசித்துக் காத்திருந்தது. ஏமாறிப் போதலும் உண்டு. தொட்டியின் நிலை அத்தகைத்தோ? கடைக்குச் சென்று விலை கொடுத்தவன் மனிதன். பையிலே நீரோடு முடிந்து கொணர்ந்தவன் மனிதன். ஓடியொளிதற்கு ஒரு கல்லிடுக்கும் இல்லாத நான்கு கண்ணாடிச் சுவர்க்கிடையே அதனை விட்டவனும் மனிதனே. பெரிய மீனின் வாய் அவன் கைக்கருவி. வெட்டுண்டவன் கிடக்கக் கத்தியைக் கருத்தா என்பார் உளரோ? நன்று தீது பகுத்துணரும் அறிவு விளங்கப் பெறாத விலங்கின்மேற் பழியேற்றுதல் கூடாது. அவ்வறிவு விளங்கப் பெற்றவனோ அவ்விலங்கின் பின்னே ஒளிந்துகொள்ளப் பார்க்கின்றான்!

இஃது எங்கோ சேய்மைக்கண் நிகழும் செய்தியன்று. சென்னையைச் சார்ந்த கொளத்தூர் வண்ணமீன் வாணிகத்திற்குப் பேர்பெற்றது. அங்கும் பிறவூர்களிலும் விற்கப்படும் அரோவானா என்னும் மீனைச் செல்வம் தருவதென நம்பி வீட்டிலும் கடையிலும் வளர்ப்பார் பலர். அதன் வெள்ளி வகை தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுக்குரியது. ஏறத்தாழ 3 அடி வளர்வது. நீரின்மேல் துள்ளிப் பூச்சி கவ்வும் இயல்பினது. அத்தகையதனைத் தொட்டியில் இட்டுக் கப்பி முதலிய சிறுமீன்களையும் கரப்பான் பூச்சிகளையும் உயிரோடு தருவர். தரும்போது பிள்ளைகளை அழைத்துக் காட்டலும் உண்டு. கோயிற்குளத்து மீனுக்குப் பொரியிட்டு மகிழவேண்டிய பிள்ளை, துரத்துண்ட சிறுமீன் மூலைதோறும் முட்டி மறைவதைக் கண்டு கைகொட்டுகின்றது. திருநீறணிந்து மாலையில் விளக்கேற்றும் இல்லத்திலும், திருமகள் வருவாள் என்னும் ஆசையால் இது நடக்கின்றது. மீன் கொணரும் செல்வத்திற்குத் திருமுறையிலே ஆதரவு தேடுவார் தேடிப் பார்க்கட்டும்.

"உயிரிரை இடாவிடின் அது பட்டினியால் மாளுமே" என்பர். அற்றன்று. அரோவானா பொறுமையோடு பழக்கினால் உலர்ந்த உணவுருண்டைகளை ஏற்கும். அடைபட்ட பாம்புகளிற் பல செத்த எலியை உண்ணப் பழகுவன. உயிரெலி இட்டவிடத்து அவ்வெலியே பாம்பைக் கடித்துப் புண்படுத்துதலை வளர்ப்பார் அறிவர். பொன்மீனையே இரையாக இட்டுவரின், அதன் உடம்பிலுள்ள ஒருவகைப் பொருள் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழித்து, உண்ட மீனை நோய்ப்படுத்தும். 1855ஆம் ஆண்டு சென்னையில் தோன்றி 1985ஆம் ஆண்டு வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பெற்ற விலங்கினச் சாலையிலே புலியும் சிங்கமும் வெட்டிய இறைச்சி பெற்றே வாழ்கின்றன. பிடிபட்ட புதிதில் உயிரிரையன்றித் தொடாத சில உயிர்கள் உண்மையே. அவற்றைப் பிடித்ததும் அடைத்ததும் யார் என்பதே வினா. பொழுதுபோக்கு ஒன்றனையே கருதி ஓருயிரைப் பிறிதோர் உயிர்க்கு இரையாமாறு அடைத்து வைத்தல் குற்றமென விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் (1960) கூறுகின்றது. அறநூல் விதித்ததிற் சிறிதளவையே அரசியற் சட்டம் விதிக்கும். அச்சிறிதளவும் இவர்பால் இல்லையாயிற்று.

செத்த இறைச்சி இடுதல் மட்டும் கொலையன்றோ எனின், கொலையே. அதனை மறைத்துப் பேசுதல் சைவர்க்கு அழகன்று. புண்பட்டும் ஆதரவிழந்தும் வந்த உயிரைக் காப்பார்க்கு அது நீங்காத சுமை. விளையாட்டிற்காக ஊனுண்ணியை விலைக்கு வாங்குவான் அச்சுமையைத் தானே தேடித் தலைமேல் ஏற்றுகின்றான். வாங்காதிருத்தல் ஒன்றே அவற்குரிய வழி. இவ்விடத்துக் கண்ணப்பரைக் காட்டி வாய்மூடுவிக்கப் புகுவாரும் உளர். தன் கண்ணையே இடந்து அப்பிய அன்பின் முன்னே கப்பி மீன் வாங்குவோன் நிற்கத் தகுமோ? அது நிற்க.

காஞ்சியில் எழும் வலிய மறுப்பு வேறொன்று. "நீவிர் பூசைக்கு உடுக்கும் பட்டு எங்கிருந்து வந்தது? கூட்டினுள்ளே உறங்கும் புழுவை வெம்மையிற் கொன்று எடுத்த இழையன்றோ அது? ஒரு மீனுக்கு இரங்குவார் ஒரு புடைவைக்கு மாண்ட ஆயிரக்கணக்கான உயிர்கட்கு இரங்காமை என்னை?" என்பர். இம்மறுப்புக்கு விடையில்லை; ஒப்புக்கொள்ளுதலே விடை. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவரின் இழை அறுபடும் என்பதற்காகவே அது வெளிவருமுன் கொல்லப்படுகின்றது. ஆயினும் ஒரு கொலையைக் காட்டி மற்றொரு கொலைக்கு உரிமை கேட்டல் எவ்வளவைநூல் முறையோ? அம்மறுப்பினால் மீன்தொட்டி தூயதாகவில்லை, பட்டுடையே குற்றமுடையதாயிற்று. காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் (1894–1994) இவ்வுயிர்க்கொலை கருதியே பட்டைத் துறக்குமாறு மகளிர்க்கு அறிவுறுத்தினார். கொள்கையால் வேறுபடும் சைவரும் அவ்வுரையைத் தள்ளுதற்கு நியாயம் காணார். குடியரசுத் தலைவராயிருந்த வேங்கடராமன் அவர்களின் மனைவியார் சானகி அம்மையார், புழுவைக் கொல்லாது நெய்த பட்டுக் கிடைக்குமோ என வினவினார். ஆந்திர நாட்டுக் கைத்தறித் துறை அலுவலர் குசும ராசையா அதனாற் தூண்டப்பெற்று, பூச்சி பறந்தபின் எஞ்சிய கூட்டை நூற்று நெய்யும் முறையைக் கண்டார். அவ்விழை பளபளப்பிற் குறைந்தது, விலையில் மிகுந்தது.

நெசவாளர் பிழைப்பு என்னாம் என்பது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. ஆனால் காஞ்சியின் தறி புழுவைக் கொல்லவில்லை. நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது. பருத்தியாயினும் பூச்சி பறந்த கூட்டின் நூலாயினும் அத்தறியில் ஏறும். கரையையும் உடலையும் கோக்கும் கைத்திறம் இழைக்கேற்ப மாறுவதன்று. வாங்குவார் உளராதலின் கொல்வார் உளராவர் என்னும் நியாயத்தைத் திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம் கற்றார் அறிவர். ஆகவே இவ்வினா தறியினிடத்து எழுவதன்று. முகூர்த்தத்திற்கும் பூசைக்கும் பட்டுத்தான் வேண்டுமெனக் கடையேறுவாரிடத்தும், கொளத்தூரிற் பை நிறைய மீன் வாங்குவாரிடத்தும் ஒருபடித்தாகவே எழுவது.