பாஸா, பயணச்சீட்டா?

வெளிநாடு செல்வோர்க்கு இரயில் பாஸே சிக்கனம் என்று நாம் நம்பிவருகிறோம். இந்நம்பிக்கை மறுஆய்வுக்குரியது. ஜப்பானில் ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோத்தோ சென்று திரும்பத் தனிச்சீட்டுகளுக்கு ஏறத்தாழ 28,000 யென்னே ஆகும். ஹிரோஷிமா சென்று மீண்டாலும் 40,000 அளவில் அடங்கும். விரைவுமிக்க நொசோமி வண்டியில் ஏறப் பாஸ் உடையோரும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும்.

பாஸ் பயனற்றதன்று. ஒரு வாரத்திற்குள் தொலைநகரங்கள் பலவற்றைக் காண விழைவோர்க்கு அது துணையே. ஆனால், கொடுத்த பணத்தை ஈடுகட்டவே ஊர் ஊராய் ஓடுவது பயணமாகாது. மாணவச் செல்வங்களே! பெற்றோர் வியர்வையில் கடல் கடக்கும் நாம், செல்லும் ஊர்களை முதலில் எழுதிக் கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்போம். பிறகே பணப்பையைத் திறப்போம்.