ஒரே நாளில் 3,000 கடிதமா?

ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா. பழைய மாணவர்கள் 3,000 பேர். எல்லோருக்கும் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்ப வேண்டும்.

சங்கச் செயலாளர் தம்முடைய இலவச ஜிமெயிலைத் திறக்கிறார். மளமளவென்று அனுப்பத் தொடங்குகிறார்.

என்ன நடக்கும்?

500 பேரோடு நின்றுவிடும். அதற்குமேல் யாருக்கும், எந்தக் கடிதமும் போகாது! 24 மணி நேரம் வரை அவர் காத்திருக்க நேரலாம்.

மகனுடைய வேலை மனுவை அனுப்ப அன்றுதான் கடைசி நாள் என்றால்? அவ்வளவுதான்!

நாள் ஒன்றுக்கு 500 பேர். இலவச ஜிமெயிலுக்கு இதுதான் அளவு. "இது அநியாயம்" என்று சிலர் கோபப்படுகிறார்கள்.

இல்லை. இது நியாயம்தான்!

அளவு எதற்கு?

1978-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உடனே கண்டனம் எழுந்தது.

இன்று மோசடிக்காரர்கள் லட்சக்கணக்கில் அனுப்புகிறார்கள். அளவு இல்லாவிட்டால் நம் பெட்டியில் குப்பைதான் நிறையும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடிதங்களை வாங்கி அனுப்பும் கம்ப்யூட்டருக்கு 'சர்வர்' என்று பெயர். ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்துவது உண்டு. ஒருவர் கண்டபடி அனுப்பினால் அந்த சர்வருக்கே கெட்ட பெயர். பிறகு, அதே சர்வரில் இருந்து ஆஸ்பத்திரி அனுப்பும் கடிதமும் குப்பைப் பெட்டிக்குப் போகலாம். தவறு ஒருவருடையது, தண்டனை எல்லோருக்கும்!

என்ன செய்யலாம்?

பட்டியலைப் பிரியுங்கள். நாளுக்கு 400 பேர் வீதம் அனுப்பினால், 8 நாளில் 3,000 பேருக்கும் போய்விடும். மீதி 100? உங்கள் சொந்தக் கடிதங்களுக்கு!

எனவே, விழாவுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

சங்கத்துக்குச் சொந்த சர்வர் இருக்கிறதா? எதிர் சர்வர் சொல்லும் பதிலைப் பாருங்கள். 4-ல் தொடங்கும் எண் வந்தால், "இப்போது முடியாது, பிறகு வா" என்று பொருள். அரை மணி நேரமாவது பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். 5-ல் தொடங்கினால், "ஏற்க முடியாது" என்று பொருள். முகவரியே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

"வேண்டாம்" என்று சொல்பவரை உடனே விட்டுவிடுங்கள். ஜிமெயில்காரர்களுக்கு நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024-ம் ஆண்டு முதல் கட்டுப்பாடு வந்திருக்கிறது. விளம்பரக் கடிதம் என்றால், ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். புகார் 1,000-க்கு 3 என்ற அளவைத் தொடக் கூடாது.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. அளவு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை முதலிலேயே, எல்லோருக்கும் புரியும் தமிழில் சொல்லுங்கள். கதவை மூடிய பிறகு காரணம் சொல்வது சரி அல்ல.

கடிதம் அனுப்புவது பெரிது அல்ல. அது போய்ச் சேர வேண்டும்!