போஜனமா, நித்திரையா?

உலகத்தில் தீராத வழக்குகள் சில உண்டு. மாமியார் மருமகள் வழக்கு, வீட்டுக்காரர் குடித்தனக்காரர் வழக்கு, காபியில் சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்ற வழக்கு ஆகிய இவை எந்தக் கோர்ட்டிலும் முடிவு காணாமல் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நடந்துகொண்டிருக்கின்றன. சமீப காலத்தில் இந்த ஜாபிதாவில் இன்னொரு வழக்கும் சேர்ந்திருக்கிறது. ஆகாய விமானத்தில், கால் நீட்டிப் படுக்க வசதியுள்ள பிஸினஸ் கிளாஸில், இரவுப் பிரயாணம் செய்கிறவர் சாப்பிட வேண்டுமா, தூங்க வேண்டுமா என்பதே அந்த வழக்கு.

"சோற்றுக்கும் படுக்கைக்கும் திண்டாடுகிறவர்கள் நிறைந்த தேசத்தில், இரண்டும் ஒருங்கே கிடைத்தவர்களின் கஷ்டத்தைப் பற்றி எழுத வேண்டுமா?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகுப்பில் பிரயாணம் செய்கிறவர்களில் பலர் சொந்தப் பணத்தில் செல்வதில்லை. கம்பெனிக் காரியமாகவும், சர்க்கார் காரியமாகவும் செல்கிறார்கள். மறுநாள் காலையில் அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் பலருடைய பிழைப்பைத் தீர்மானிக்கக் கூடும். ஆகவே, அவர்கள் இரவில் என்ன செய்தார்கள் என்பது அவர்களுடைய சொந்த விஷயம் மட்டும் அல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் செல்லும் இரவு விமானம் ஒன்று 9 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், ஏறக்குறைய 7 மணி நேரத்தில் லண்டன் வந்துவிடுகிறது. அப்போது நியூயார்க்கில் விடியற்காலை 4 மணி. லண்டனிலோ காலை 9 மணி. பிரயாணியின் உடம்பு நியூயார்க்கிலேயே இருக்கிறது; அவரைச் சந்திக்க வேண்டிய மனிதர்களோ குளித்து, பலகாரம் சாப்பிட்டு, லண்டனில் காத்திருக்கிறார்கள்.

அந்த 7 மணியிலும் முழுவதும் நம்முடையதல்ல. விமானம் தரையில் ஊர்ந்து, மேலே ஏறி, நிலைக்கு வருவதற்குள் சுமார் 1 மணி போய்விடும். கடைசியில் ஆசனத்தை நிமிர்த்தி, இறங்கி, வாயிலை அடைவதற்கு முக்கால் மணி. மீதம் 5¼ மணி. மேஜை விரிப்பு, பீங்கான் தட்டு, ரொட்டி, கறி, பால்கட்டி, இனிப்பு என்று வரிசையாக வரும் இராப் போஜனத்துக்கு 1½ மணி ஆகும். இறங்குவதற்கு முன் எழுப்பிக் கொடுக்கும் காலைப் பலகாரத்துக்கு 1 மணி. இரண்டையும் ஏற்றுக்கொண்டவருக்கு மிஞ்சும் தூக்கம் 2¾ மணி. இரண்டையும் வேண்டாம் என்றவருக்கு 5 மணிக்கு மேல். ஒருவர் இரவைத் தூங்கிக் கழித்தார். மற்றவர் பகல் தூக்கம் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதன் பலன் என்ன? 1997-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனுடைய கையும் புத்தியும், இரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் கலந்தவனுடைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்று அதில் தெரிந்தது. பல தேசங்களில் வண்டி ஓட்டுவதற்கே அது தடை செய்யப்பட்ட அளவு. நியூயார்க்கில் காலை 7 மணிக்கு எழுந்தவர் தூங்காமலே லண்டனில் இறங்கினால், 21 மணி நேரம் விழித்தவராகிறார். அந்த நிலையில் அவர் வாடகை மோட்டாரின் சக்கரத்தைப் பிடிக்கிறார். அல்லது பேரம் பேச உட்காருகிறார். ஒரு துளியும் குடிக்காதவர் குடித்தவருக்குச் சமானமாக நடந்துகொள்கிறார் என்றால், அந்த விருந்தின் விலையை நாம் சரியாகக் கணக்கிடவில்லை என்று அர்த்தம்.

இனி, போஜனக் கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். "இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறது, சாப்பிடாமல் படுப்பதா?" என்பது அவர்களுடைய முதல் வாதம். கல்யாண வீட்டில் மொய் எழுதியவர் பந்தியில் உட்காராமல் திரும்பினால் எப்படியிருக்கும் என்கிறார்கள். ஆனால் இந்த வகுப்பின் கட்டணத்தில் பெரும் பங்கு எதற்காக என்று யோசிக்க வேண்டும். நல்ல சாப்பாட்டைத் தரையிலும் வாங்கலாம். 35,000 அடி உயரத்தில் நீட்டிப் படுக்க ஓர் இடம் மட்டும் வேறு எங்கும் கிடைக்காது. விமானத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அரிதான பொருள் இடமே.

ஆகாயத்தில் படுக்கை என்பது புதிய எண்ணமும் அல்ல. 1935-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்காவில் முதன்முதல் பறந்த டக்ளஸ் ஸ்லீப்பர் விமானத்தில் 14 பேர் படுப்பதற்கு, ரயிலில் உள்ளது போல் மேலும் கீழுமாகப் படுக்கைகள் இருந்தன. அதன் உடன்பிறப்புத்தான், பின்னால் நம் தேசத்திலும் ஊர் ஊராகப் பறந்த டக்கோட்டா. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948 ஜூன் 8-ஆம் தேதி, நமது ஏர் இந்தியா இண்டர்நேஷனலின் "மலபார் பிரின்ஸஸ்" பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்து விமானம் வழியில் தங்கித் தங்கிச் சென்றது. சாப்பிடவும் தூங்கவும் அவகாசம் இருந்தது. ஜெட் விமானம் வந்து பிரயாண நேரத்தைச் சுருக்கிவிட்ட பிறகுதான் இரண்டில் ஒன்று என்ற நெருக்கடி ஏற்பட்டது. 2000-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிஸினஸ் கிளாஸிலேயே முழுதும் மட்டமாக விரியும் படுக்கையைக் கொண்டுவந்த பின்னர் மற்றக் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பின்பற்றின. வழக்கும் அன்றிலிருந்து வலுத்தது.

போஜனக் கட்சியின் இரண்டாவது வாதம் ருசி. இதில் இயற்கையே அவர்களுக்கு விரோதமாக இருக்கிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போலக் குறைவு. காற்றும் மிக வறண்டது. மூக்கு உலர்ந்தால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் ருசி பாதி போய்விடும். ஜெர்மனியில் பிரான்ஹோபர் ஆராய்ச்சிக் கழகத்தார், தரையில் வைத்த விமானக் கூட்டில் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பலருக்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிப்போவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையார் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விமானத்தின் இரைச்சல்கூட இனிப்பை மட்டுப்படுத்துகிறது என்றும், தக்காளியில் உள்ளது போன்ற சாரமான சுவையை அது அதிகப்படுத்துகிறது என்றும் தெரியவந்தது. வானத்தில் தக்காளிச் சாற்றுக்குக் கிராக்கி இருப்பதன் காரணம் இதுதான் போலும். தக்காளி ரசம் வைக்கத் தெரிந்த நமது தாய்மார்களை விமானக் கம்பெனிகள் கலந்து ஆலோசித்தால் நல்லது.

அன்றியும், அந்தப் போஜனம் அங்கே சமைத்ததன்று. தரையில் சமைத்து, குளிர வைத்து, மேலே கொண்டுபோய்ச் சூடுகாட்டியது. பீங்கான் தட்டும் வெள்ளை விரிப்பும் அதை மறக்கச் செய்கின்றன, வயிறு மறப்பதில்லை. மேலே போகப் போக வயிற்றிலுள்ள வாயு சுமார் மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. மொச்சையும் முட்டைக்கோசும் வாயு என்று பாட்டி சொன்னது தரையில் உண்மையென்றால் ஆகாயத்தில் இன்னும் உண்மை. நிறையச் சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிச்சல் உண்டாவதும் யாவரும் அறிந்ததே.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு கிண்ணம் குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2024-இல் ஜெர்மன் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருக்கிறது. மது அருந்திவிட்டு, விமானத்தில் உள்ளது போன்ற குறைந்த அழுத்தத்தில் தூங்கிய வாலிபர்களுக்கே இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, நாடித் துடிப்பு அதிகரித்தது. இருதய நோயுள்ள முதியவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதுவிலக்குக்கு மகாத்மா காந்தி கூறிய காரணங்கள் போதாதவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நித்திரைக் கட்சிக்கே முழு வெற்றியா என்றால், அதுவும் இல்லை. தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. விமானத்தில் கண்ணை மூடினாலும் தூங்காத சுபாவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பட்டினியோடு புரண்டு கொண்டிருப்பதைவிட அவர்கள் இலேசாகச் சாப்பிடுவதே மேல். நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் வைத்தியர் சொன்ன வேளையில் ஆகாரத்தை விடவே கூடாது. 15 மணி நேரத்துக்கு மேல் நீளும் பிரயாணத்தில் வழக்கே எழவில்லை. சாப்பிட்டும் தூங்கியும் இன்னும் நேரம் பாக்கி இருக்கும்.

இன்னொரு சாராரும் உண்டு. பிள்ளையோ பெண்ணோ சம்பாதித்து, அம்மா அப்பா கால் நீட்டி வரட்டும் என்று ஆசையோடு வாங்கி அனுப்பிய டிக்கெட்டில் அமெரிக்காவுக்குச் செல்லும் பெற்றோர்கள். ஆயுள் முழுவதும் பிறருக்குப் பரிமாறியே பழகிய அம்மாளுக்கு, உட்கார்ந்த இடத்தில் மற்றொருவர் வந்து பரிமாறுவது வாழ்க்கையில் ஒரு தடவை நடக்கிறது. மறுநாள் அவருக்குக் கமிட்டியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பேரக் குழந்தைதான் காத்திருக்கிறது. அவர் சாப்பிடட்டும். ஜன்னல் வழியாக நட்சத்திரத்தையும் பார்க்கட்டும். நமது கணக்கையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது அழகல்ல. அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்றே: மரக்கறி உணவு வேண்டுமென்று முன்கூட்டியே எழுதி வைப்பது. "இந்து உணவு" என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பல கம்பெனிகளில் அதில் மாட்டிறைச்சி இராது என்பது தவிர, கோழியும் ஆடும் மீனும் வரலாம். "ஆசிய மரக்கறி உணவு" என்று கேட்பதே உசிதம்.

நமது ஊரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு வழக்கு இன்னும் சுலபம். சென்னை, மும்பை, தில்லியிலிருந்து மேனாடு செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவுக்குப் பின்னரே கிளம்புகின்றன. வீட்டில் 8 மணிக்கு மோர்சாதம் சாப்பிட்டவருக்கு 3 மணிக்கு மறுபடியும் விருந்து எதற்கு? உள்ளே நுழைந்ததும் படுத்துவிட வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஆவதால், விழித்தெழுந்த பின் நிதானமாகச் சாப்பிட அவகாசம் இருக்கிறது. துபாய்க்கோ 4 மணி நேரந்தான். சாப்பாட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தூக்கத்திலிருந்து திருடியது.

ஆகவே, நமது தீர்ப்பு இது: 8 மணிக்குக் குறைந்த இரவுப் பிரயாணத்தில், மறுநாள் காலையில் வேலையுள்ளவர் தரையிலேயே உணவை முடித்துக்கொண்டு, மேலே தூங்க வேண்டும். சில கம்பெனிகள் இதற்கென்றே நிலையத்துத் தங்கும் அறையில் இராச் சாப்பாடு போடுகின்றன. தம்மை எழுப்ப வேண்டாமென்று பணிப்பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடுப்பு வாரைப் போர்வைக்கு மேலே தெரியும்படி கட்டிக்கொண்டால், விமானம் குலுங்கும்போது அதைப் பார்க்க எழுப்பமாட்டார்கள். ஒரு குவளைத் தண்ணீர் போதும். சர்க்கார் செலவில், அதாவது நம் எல்லோருடைய செலவில் செல்லும் பெரிய மனிதர்களுக்கு இது யோசனை மட்டுமன்று, கடமையும் ஆகும். தேசத்தின் பெயரால் பேசப் போகிறவர் கொட்டாவி விட்டுக்கொண்டு பேசலாகாது.

தீர்ப்பில் திருப்தியில்லாதவர்கள் தாராளமாக அப்பீல் செய்துகொள்ளலாம். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு, மெதுவான குரலில் செய்யட்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்குகிறார்.