பழவேற்காட்டில் ஒரு பகலும், நான் நடத்தாமல் விட்ட பாடமும்



போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் குடும்பத்தோடு பழவேற்காடு போய் வந்தேன். கிண்டியில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷன், எதிரே மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி, பொன்னேரியில் இறங்கி பஸ். காரிலேயே போயிருக்கலாம். நான்தான் ரயில் என்று அடம் பிடித்தேன்.

முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பேரப் பிள்ளைகள் அதேபோல நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், குடும்பச் சின்னங்கள், டச்சு மொழியில் அழகான எழுத்து. 350 ஆண்டு கடந்தும் பெயரும் தேதியும் படிக்க முடிகிறது. அவர்கள் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டைதான் போய்விட்டது. புதரும் அகழியும்தான் மிச்சம்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 'டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினர். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர்.' இரண்டு மதிப்பெண். நடுவில் இருக்கும் 77 வருடம் என்ன நடந்தது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மணி அடித்ததும் அடுத்த பாடம்.

நடந்தது வியாபாரம். இந்தப் பக்கத்து நெசவாளர்களின் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். மலேசியாவில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தெரியும், அங்கே கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்கட்' என்று பெயர். பெலிக்கட் என்பது நம் பழவேற்காடுதான். இதைச் சொன்னால் எல்லோருக்கும் பெருமையாக இருக்கும்.

பெருமைப்பட முடியாத சரக்கும் ஒன்று இருந்தது. 1621-இல் டச்சுக்காரர்கள் பண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களை ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். ஜாதிக்காய்த் தோப்பில் வேலை செய்ய ஆள் இல்லை. பத்தாவியா நகரத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த 1621 முதல் 1665 வரை, பழவேற்காட்டுத் தரகர்கள் மூலம் வாங்கப்பட்டு 131 கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் 38,441 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். போரும் பஞ்சமும் வந்த வருடங்களில் எண்ணிக்கை ஏறியது. சோற்றுக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை விற்றவர்கள் உண்டு. தன்னையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு.

வாங்கியவர்கள் டச்சுக்காரர்கள் சரி, பிடித்துக் கொடுத்த தரகர்கள் நம் ஊர்க்காரர்கள். இதை விட்டுவிட்டால் நான் மறுபடியும் பாதிப் பாடம் நடத்தியவளாவேன்.

வாங்கியவர்களின் கல்லறைக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை இருக்கிறது. இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கற்களைக் காப்பாற்றத்தான் வேண்டும். விற்கப்பட்டவர்களைப் பற்றித் தமிழில் ஒரு வரியாவது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. ஏரிக்கரையில், கப்பல் ஏறிய திசையைப் பார்த்தாற்போல ஒரு கல் நட எவ்வளவு ஆகிவிடும்?

மதியம் இறால் வறுவலோடு சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் மகன், "அத்தை, வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வர்றோம். அன்னைக்குப் போய் இதெல்லாம் எதுக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். அவனுக்கு ஆறு நாளும் ஆபீஸ். ஆனால் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, "இது யாரு, ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டது அவன் மகள். நான் வலியப் போய் வகுப்பு எடுக்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவே சொன்னேன். அதற்குப் பிறகும் அவள் ஏரிக்கரையில் நண்டு துரத்தி விளையாடத்தான் செய்தாள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு. தண்ணீர் கொண்டு போங்கள். அந்த ஊர்ப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பெட்டிகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

என் மாணவர்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் வகுப்பை அங்கே அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் வருகிறேன். அந்த 77 வருடத்தை நான் நடத்த வேண்டியிருக்கிறது.